நான் எடுத்துக் கொடுத்த டியூப்

மார்ச் 3, திங்கள்

மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு இருமல் மருந்தின் படம். இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. யாரிடமும் சொல்ல முடியாததை எழுதியாவது பார்க்கலாம் என்று எடுத்தேன். எடுத்தபின் எழுதவும் கை வரவில்லை.

அரிப்பு. அவ்வளவுதான் விஷயம். அங்கே.

நாலு மாதமாகிறது. மெடிக்கலில் நாள் முழுக்க நிற்கிற வேலை. இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நிற்கிறேன். முதலாளி மருதாசலம் அண்ணன் பார்த்துவிட்டு, "என்னம்மா, கால் வலியா? ஸ்டூலைப் போட்டு உக்காரு" என்றார். உட்கார்ந்தால் இன்னும் மோசம். அதை அவரிடம் எப்படிச் சொல்ல? "ஆமாண்ணா, கால்தான்" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

மூன்று மருந்து கலந்த க்ரீம் ஒன்று இருக்கிறது. சிரங்கு, படர்தாமரை, சொறி, எதைச் சொல்லிக் கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் கொடுப்போம். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று டியூபிலேயே சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் இல்லையென்றால் அடுத்த கடை.

பெண்கள் அதைக் கேட்கிற விதமே வேறு. கடையில் நிற்கும் ஆண்கள் போகும்வரை தள்ளி நிற்பார்கள். பேருக்கு ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்குவார்கள். பிறகு என் பக்கம் குனிந்து, "அக்கா, அந்த க்ரீம்." எங்கே என்று நான் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. பதினோரு வருஷமாக இப்படித்தான்.

இன்று ஆத்தாயி அம்மா வந்தார். ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். செவ்வாய் தோறும் எங்கள் எதிர் மண்டியில் சரக்கு எடுக்க வருவார். அறுபது தாண்டியிருக்கும். "அம்மிணி, அந்த டியூப்பு ரெண்டு குடு சாமி, பஸ்ஸுக்கு நேரமாச்சு." இரண்டு வருஷமாக வாங்குகிறார்.

அவர் போனதும் நானும் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நாலு மாதமாக நான் தடவுவதும் அதுதான். தடவினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். நிறுத்தினால் நாலாம் நாள் முன்னைவிட அகலமாக வருகிறது.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

சாம்பல் பூச வரிசையில் நின்றேன். ஃபாதர் நெற்றியில் விரல் வைத்தபோதும் என் நினைப்பெல்லாம் இடுப்புக்குக் கீழேதான். இது என்ன தவக்காலம்.

மார்ச் 8, சனி

அழுக்கினால்தான் என்று தோன்றிவிட்டது. காலையிலும் மாலையிலும் தண்ணீரில் டெட்டால் ஊற்றிக் கழுவுகிறேன். வாசனை சோப்பும் போடுகிறேன். கழுவும்போது காந்துகிறது. காந்தினால் கிருமி சாகிறது என்று அர்த்தம். அப்படித்தானே?

மார்ச் 9, ஞாயிறு

அப்படி இல்லை போலிருக்கிறது. நடக்க முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கோவிலில் சிலுவைப்பாதை. ஒவ்வொரு நிலையிலும் முழங்கால் போட்டு எழ வேண்டும். மற்றவர்களுக்கு அது சிரமம், எனக்கு அந்த அசைவுதான் நிம்மதி. பதினாலாவது நிலை முடிந்து எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்ததும் பயம் வந்துவிட்டது. பிரசங்கம் தொடங்குவதற்குள் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் ஒருத்தி, "என்ன அக்சிலியா, உடம்பு சரியில்லையா?" என்றாள். வயிறு என்று சொன்னேன்.

கால் வலி, வயிற்று வலி. பொய் சொல்ல இன்னும் எத்தனை உறுப்பு மிச்சமிருக்கிறது?

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்காரர் ஜெபஸ்டினோடு சண்டை. சண்டைகூட இல்லை. காலையில் ரயில்வே ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டார். "ரெண்டு மாசமா ஏன் தள்ளித் தள்ளிப் படுக்கிற? என்மேல என்ன கோபம்?"

கோபமெல்லாம் இல்லை என்றேன். "பின்னே?" என்றார். டிபன் டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் எழுந்து பெல்ட்டைத் தளர்த்தி இடுப்பைச் சொறிந்தார். அப்போதுதான் பார்த்தேன். பேன்ட் விளிம்பு ஓரமாக வட்ட வட்டமாக, ஓரம் சிவந்து.

"இது எப்போலிருந்து?"

"மழைக்காலத்திலேயே வந்துச்சு. வேர்வைதான். உன் பையில ஒரு டியூப் இருக்கே, அதைத் தடவினா நின்னுடுது."

என் டியூப். அதோடு குளியலறையில் எல்லாருக்குமாகத் தொங்குகிற ஒரே டவல். கடையில் ஆயிரம் பேருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

அவர் போன பிறகு போனில் சொன்னேன். எதிரே நின்று சொல்ல முடியவில்லை. "எனக்கும் இருக்கு. கீழே. அதனாலதான்." அந்தப் பக்கம் ஒரே ரயில் சத்தம். அப்புறம், "இதைச் சொல்றதுக்கா ரெண்டு மாசம்? நாளைக்கே டாக்டரைப் பாரு" என்றார். கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 20, வியாழன்

சூரமங்கலத்தில் புதிதாக ஒரு தோல் டாக்டர் உட்காருகிறார். யுவஸ்ரீ என்று பெயர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவராக இருப்பார். பெண் என்பதால்தான் போனேன். போயும் அரை மணி நேரம் வாசலிலேயே நின்றேன்.

படுக்கச் சொல்லி விளக்கை இழுத்துப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தடவுறீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர்."

"தோல் இப்படிப் பளபளன்னு மெலிஞ்சு இருக்கே. இது சும்மா வராது. எந்த டியூப்?"

சொன்னேன். எங்கே வேலை செய்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

லேசாகச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "படர்தாமரை. தொடையிடுக்குல ஆரம்பிச்சு உள்பக்கம் வந்திருக்கு. கழுத்துல வந்திருந்தா மறுநாளே காட்டியிருப்பீங்க." அந்த க்ரீமில் இருக்கும் ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் மட்டும் அமுக்கிவிடுமாம். அடியில் பூஞ்சை பாட்டுக்கு வளருமாம். டெட்டால் ஊற்றியதால் வந்தது தனிப் புண்.

பிறப்புறுப்புக்கு வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதுவும் ஊற்ற வேண்டியதில்லை என்றார். வாசனை சோப்பு, பவுடர் எதுவும் கூடாது. இறுக்கமில்லாத பருத்தித் துணி. ஆளுக்கொரு டவல். ஜட்டியை வெயிலில் காயப்போட வேண்டும். சர்க்கரை டெஸ்ட். மாத்திரை ஆறு வாரம், வேறு ஒரு க்ரீம். வீட்டுக்காரரும் வந்து காட்டியாக வேண்டும், ஒருத்தர் மட்டும் சாப்பிட்டால் திரும்பத் திரும்ப வரும்.

"பழைய டியூபை நிறுத்தினதும் ரெண்டு வாரம் பயங்கரமா இருக்கும். அதுக்குப் பயந்து திரும்ப எடுத்துடாதீங்க" என்றார்.

கிளம்பும்போது கேட்டேன். வயசானவங்க, தீட்டு நின்னவங்க, வருஷக்கணக்கா இதே அரிப்புன்னு அந்த டியூபையே வாங்கினா?

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அந்த வயசுல விடாம அரிச்சா கட்டாயம் ஒரு தடவை கண்ணால பாக்கணும். அது பூஞ்சையா இல்லாம வேற ஏதாவதா இருக்கலாம். விட்டா சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் போகலாம்."

பஸ்ஸில் ஆத்தாயி அம்மா முகமே வந்துகொண்டிருந்தது.

மார்ச் 22, சனி

சர்க்கரை இல்லை. ஜெபஸ்டினும் போய்க் காட்டினார். "அந்தப் பொண்ணு முன்னாடி பெல்ட்டைக் கழட்டினேன், கடவுளே" என்று வந்து உட்கார்ந்தார். அவருக்கும் அதே மாத்திரை.

ஹெலனுக்கு அடுத்த வாரம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. படிப்பதை விட்டுவிட்டு, "ஏம்மா டவலுக்கெல்லாம் பேர் எழுதி வச்சிருக்க, ஹாஸ்டலா இது?" என்றாள். மழுப்பத்தான் வாயெடுத்தேன். பிறகு சொல்லிவிட்டேன், என்ன, எங்கே, எதனால் என்று. அவள் காது சிவந்துபோய்க் கேட்டாள். கடைசியில், "எனக்கும் அந்த வாசனை பேடு வச்சா எரியும்மா" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருஷமாம். என் மகள், என் வீட்டில்.

மார்ச் 24, திங்கள்

எரிகிறது. கடையில் நின்றுகொண்டு உதட்டைக் கடிக்கிறேன். டியூப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று மனசு சொல்கிறது. பெட்டியைத் தூக்கி மேல் தட்டில் வைத்தேன். அண்ணன், "விக்கிற சாமானை எதுக்கு ஏணி போட்டு வைக்கிற?" என்றார்.

சொன்னேன். என் விஷயத்தைச் சொல்லவில்லை, டாக்டர் சொன்னதை மட்டும். சீட்டு இல்லாமல் இதை நான் கொடுக்க மாட்டேன் என்றேன்.

"பதினோரு வருஷமா நீதானே எடுத்துக் குடுத்த?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அதிகம் வலித்தது. "நீ குடுக்காட்டி நான் குடுக்கிறேன். நான் குடுக்காட்டி பக்கத்துக் கடைக்காரன் குடுப்பான்."

மார்ச் 25, செவ்வாய்

ஆத்தாயி அம்மா வந்தார். அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரம். டியூபை எடுக்காமல், "அம்மா, உங்களுக்கு அரிப்பு எங்கே?" என்று கேட்டேன்.

முகம் மாறிவிட்டது. "எங்கயோ இருக்குது. அதைய ஏனுங்க கேக்கறீங்க?" எனக்குத் திடீரென்று 'ங்க' போட்டார்.

ஒரு லேடி டாக்டர் இருக்காங்கம்மா, ஒரு தடவை காட்டிடுங்க, வயசானா வேற மாதிரி நோயா இருக்கலாம்னு— அதற்குள் பக்கத்தில் ஒரு ஆள் வந்து ஊறுகாய்க் கடைக்கு வழி கேட்டான். ஆத்தாயி அம்மா பையைத் தூக்கிக்கொண்டார். "எனக்கு ஒரு நோவும் இல்லை" என்று ரோட்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் பக்கத்து மெடிக்கலில் போய் நின்றார். வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

தப்பாகக் கேட்டுவிட்டேன். நடுக்கடையில் வைத்தா கேட்பது. எனக்கே போனில்தானே வாய் வந்தது?

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று அவர் வரவில்லை. மண்டிக்காரர் சண்முகவேலிடம் கேட்டேன். ஆள் வைத்துச் சரக்கு எடுத்துக்கொண்டாராம்.

எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. முன்பு உடம்பு நிற்க விடவில்லை. இப்போது ஆத்தாயி அம்மாவின் நினைப்பு.

ஏப்ரல் 2, புதன்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். பழக்கத்தில் ஜட்டிகளை நைட்டிக்கு அடியில் மறைத்துப் போட்டேன். ஜெபஸ்டின் வந்து நைட்டியை நகர்த்திவிட்டு, "வெயில் படணும்னுதானே சொன்னாங்க" என்று கீழே போய்விட்டார். குவார்ட்டர்ஸ் முழுக்கப் பார்க்கும். பார்க்கட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிந்ததும் ராசிபுரம் பஸ் ஏறினேன். அங்கிருந்து மினி பஸ். சண்முகவேல் அண்ணன் சொன்ன அடையாளம் சரியாக இருந்தது.

கடையில் ஆத்தாயி அம்மா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தராசுத் தட்டு ஆடியது. வாங்க வந்த ஆளுக்குப் பொட்டலம் கட்டி அனுப்பினார். பிறகு, "இதுக்கா சாமி இவ்வளவு தூரம் வந்த?" என்றார். மறுபடி 'சாமி'.

உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று பேசினோம். முதலில் என்னுடையதைச் சொன்னேன். எங்கே, எத்தனை மாதம், வீட்டுக்காரருக்கும் இருந்தது, கோவிலில் உட்கார முடியாமல் ஓடி வந்தது, எல்லாம். அவர் மூட்டை வாயைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு எட்டு வருசம்" என்றார்.

எட்டு வருஷமாக பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில்லையாம். வேப்பந்தழை காய்ச்சி ஊற்றியிருக்கிறார். உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். "இப்பல்லாம் அந்த எடமே சுருங்கிப் போச்சு அம்மிணி. வெள்ளையா கெடக்குது. ஒண்ணுக்குப் போனா எரியுது."

மகன் தமிழரசு போர்வெல் ரிக் வண்டியில், வருஷத்தில் பாதி நாள் வெளி மாநிலம். மருமகள் வீட்டில் இருக்கிறாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"புருசன் போயி பதினாறு வருசமாச்சு. அங்க அரிக்குதுன்னு நான் எந்த வாயில மருமவகிட்டச் சொல்லுவேன்? இந்த வயசுல, தாலி அறுத்தவளுக்கு, அங்க நோவுன்னா ஊரு என்ன நெனைக்கும்?"

"டாக்டர் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. நான் கூட வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே யாரோ சர்க்கரை கேட்டார்கள். போய்க் கொடுத்துவிட்டு வந்து, "வியாழக்கெழம வாரேன்" என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

வந்தார். என் கையை விடவே இல்லை. டாக்டர் யுவஸ்ரீ அவரிடம் முதலில் மளிகைக் கடையைப் பற்றித்தான் கேட்டார். பிறகுதான் திரை.

அது படர்தாமரை இல்லை. லைக்கன் என்று ஒரு நோய், தோலே வெள்ளையாகித் தடித்துச் சுருங்குவது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ஆத்தாயி அம்மா மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னார்.

ஒரு ஓரத்தில் மட்டும் ஆறாத புண் ஒன்று. மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள்.

எழுதிக் கொடுத்த மருந்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டீராய்டு. என் டியூபில் இருந்ததைவிட வலுவானது. "டாக்டர், இதைத்தானே என்னை—"

"உங்களுக்கு இது விஷம். இவங்களுக்கு இதுதான் மருந்து. பட்டாணி அளவு, நான் சொல்ற நாள் கணக்குக்கு. ரெண்டு பேருக்கும் அரிப்புதான். பாத்தாத்தான் எதுன்னு தெரியும்."

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ரிசல்ட் இன்னும் வரவில்லை. மூன்று மணி வழிபாட்டில் முழுக்க உட்கார்ந்திருந்தேன். உடம்பு சும்மா இருந்தது. மனசு இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. அந்தப் புண்ணில் தோல் மாறத் தொடங்கியிருக்கிறது. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தின படி. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் போதும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

ஆத்தாயி அம்மா வெளியே இருந்தபோது டாக்டரிடம் கேட்டேன். நான் கொடுத்ததாலா?

"நீங்க குடுத்ததால வரலை" என்றார். ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே, "ஆனா அது அப்பப்போ அடக்கிட்டே இருந்ததால அவங்க இங்க வரலை" என்றார்.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் முழுக்கத் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

ஏப்ரல் 23, புதன்

மருமகளிடம் அவரே சொல்லிவிட்டாராம். போனில் சொன்னார். "அவ அழுவறா சாமி. ஏனத்தே இத்தன வருசம்னு கேட்டு என்னையத் திட்டறா." குரலில் ஒரு பெருமை.

மே 7, புதன்

பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன். மருமகள்தான் கூட இருந்தாள். நான் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

மே 9, வெள்ளி

எனக்கு மாத்திரை முடிந்து ஒரு வாரமாகிறது. தழும்பு மாதிரி ஒரு கருப்பு மட்டும் இருக்கிறது, மெதுவாகப் போகுமாம். ஜெபஸ்டினுக்கும் சரியாகிவிட்டது. நேற்று என் பக்கம் திரும்பிப் படுத்து, ஒன்றும் கேட்காமல், கையை மட்டும் என் தோளில் வைத்தார். நான் நகரவில்லை.

கடையில் நிலைமை அதேதான். நான் மறுத்தால் அண்ணன் எடுத்துக் கொடுக்கிறார். என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை. வேறு கடை பார்க்கலாமா என்று தோன்றுகிறது. பார்த்தால் அங்கேயும் அதே டியூப்தான் இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

வெட்டிய இடத்தைச் சுற்றி எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், ஆயுசுக்கும். மருந்தும் விடக் கூடாது. "அரிப்பு முழுசா போவல, ஆனா தூங்கறேன்" என்றார் ஆத்தாயி அம்மா.

டாக்டரின் வெளி பெஞ்சில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னார். பக்கத்தில் ஒரு இளம்பெண் தலையைக் குனிந்துகொண்டு, துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளிடம், "உனக்கும் அங்கதானா கண்ணு? சும்மா சொல்லு, எனக்கும் அங்கதான்" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

சாயங்காலம் மழை. கடையில் கூட்டம் இல்லை. மருதாசலம் அண்ணன் பில் புத்தகத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த லேடி டாக்டர் எந்தெந்தக் கிழமை உக்காருவாங்க?"

செவ்வாய், வியாழன், சனி என்றேன்.

"வீட்ல..." என்றார். "மூணு வருஷமா நம்ம கடையிலேர்ந்துதான் கொண்டுபோய்க் குடுக்கிறேன். நேத்துத்தான் சொல்றா, ரத்தம் வருதுன்னு."

ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் நேரம், இடம், போன் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நீ கூடப் போவியாம்மா? என்கூட வர அவளுக்குக் கூச்சமா இருக்கும்" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போகிறோம்.